தாத்தாவுக்கு நியூஜெர்சி கொடுத்தது 218 என்ற எண்

கோபத்தோடுதான் எழுதுகிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் தாத்தா மாரியப்பன் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிப் போனபோது என் அப்பாவுக்கு எட்டு மாதம். அதோடு சரி, ஆள் திரும்பவே இல்லை. அமெரிக்காவில் வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டு பங்களாவில் குடியிருக்கிறார் என்று தெருவே பேசியது. அப்பாவுக்கு இப்போது தொண்ணூற்று மூன்று வயது. இன்றுவரை தன் அப்பாவுக்கு ஒரு திதி கொடுத்ததில்லை. கேட்டால், "ஓடிப்போனவனுக்கு எள்ளுந்தண்ணி ஒரு கேடா?" என்பார்.

நான் மகள் கவிதா வீட்டுக்கு, நியூஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோவுக்கு, ஆறு மாத விசாவில் வந்திருக்கிறேன். பழைய பதிவேடுகளைத் தேடித் தரும் இணையதளம் ஒன்றில் அவள் விளையாட்டாக என் பெயரை (எனக்கும் தாத்தா பெயர்தான்) அடித்துப் பார்த்திருக்கிறாள். மாரியப்பன் சுடலைமுத்து, ஊர் தூத்துக்குடி, இறந்த இடம் நியூஜெர்சியில் ஒரு கவுன்ட்டியின் ஏழைகள் விடுதி என்று வந்திருக்கிறது. கவுன்ட்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. அந்தக் காலத்தில் போக்கற்றவர்களை அடைத்துவைத்து, வேலை வாங்கிக்கொண்டு சோறு போடும் இடம் அது. மறுபடி வாசி, மறுபடி வாசி என்று கவிதாவை நச்சரித்தேன். (துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவன் நான். நான் ஒரு விசில் அடித்தால் மூன்று கப்பல் நிற்கும். நானே நம்ப முடியாமல் கேட்டேன் என்றால் பாருங்கள்.)

முழுப் பதிவையும் கேட்டு அந்தக் கவுன்ட்டி அலுவலகத்துக்குத் தபாலில் விண்ணப்பம் போட்டோம். இறந்தவர் பெயர் எழுதும் கட்டத்தில் உங்கள் பெயரை எழுதிவிட்டீர்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போட்டோம். மறுபடி அதே பதில். எழுபது வயது மனிதன் கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், செத்தது நீதான் என்கிறார்கள்! நேரிலேயே போய்க் கேட்டுவிடுவது என்று ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை கிளம்பினோம்.

காலை 7.30க்குப் புறப்பட்டு 58 மைல். ஃப்ரீவேயில் நெரிசல், 9.05க்குத்தான் போய்ச் சேர்ந்தோம். பார்க்கிங் நான்கு டாலர். வழியில் ஒரு கல்லறைத் தோட்டம் வந்தது, நாய்களுக்கென்றே கட்டியது. ஒவ்வொன்றுக்கும் பளிங்குக் கல், அதில் பெயர், பக்கத்தில் பூச்செண்டு. இதை நினைவில் வையுங்கள், என் கோபம் புரியும்.

கவுன்ட்டரில் கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மாள். என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"மேடம், மை கிராண்ட்ஃபாதர் நேம், மை நேம், சேம் சேம்!" என்றேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பா, ப்ளீஸ், வால்யூம் கம்மி பண்ணுங்க. செக்யூரிட்டிய கூப்பிட்டுடப் போறாங்க."

"கூப்பிடட்டும். அவனுக்கும் சேத்துச் சொல்றேன்."

பார்க்கிங் ரசீதைத் திருப்பிப் போட்டு ஏணி மாதிரி எழுதிக் காட்டினேன். உச்சியில் சுடலைமுத்து. அவர் மகன் மாரியப்பன், எங்கள் தாத்தா. அவர் மகனுக்குத் தாத்தா பெயர், சுடலைமுத்து, எங்கள் அப்பா. அவர் மகனுக்கும் தாத்தா பெயர், மாரியப்பன், அதுதான் நான். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தன் பெயரோடு அப்பா பெயரைப் போட்டுக்கொள்வோம். அதனால் தாத்தாவும் பேரனும் காகிதத்தில் ஒரே ஆள். அந்த அம்மாள் ஏணியை விரலால் மேலேயும் கீழேயும் தடவிப் பார்த்தார்.

"உங்களுக்குக் கீழே அடுத்தவர் யார்?" என்று கேட்டார்.

"எனக்கு மகள் மட்டும்தான். இதோ, உங்க நாட்டுக்குக் கொடுத்துட்டேன்."

கவிதா அதை மொழிபெயர்க்கவில்லை. ஆனாலும் அந்த அம்மாள் சிரித்துவிட்டு உள்ளே போய்ப் பதிவேட்டைத் தூக்கி வந்தார். நகலுக்குப் பத்து டாலர்.

தாத்தா நங்கூரத்தை ஒற்றைக் கையால் தூக்குவார் என்று ஊரில் சொல்வார்கள். (சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன்.) பதிவேட்டில் எடை நாற்பத்து மூன்று கிலோ கணக்குக்கு வருகிறது. நோயில் படுத்தபின் எடுத்தது, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கப்பல் சமையலறையில் வேலை. கால் முறிந்ததும் கப்பல்காரன் இங்கே ஆஸ்பத்திரியில் இறக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டான். விடுதியில் நான்கு வருடம், சம்பளமில்லாமல் எல்லோருக்கும் சமைத்திருக்கிறார். கடைசிப் பத்தியைக் கவிதா மொழிபெயர்த்துச் சொன்னாள். ஊரில் மனைவியும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள், திருப்பி அனுப்புங்கள் என்று மூன்று முறை கேட்டிருக்கிறார். கப்பல் கம்பெனி எங்கள் பொறுப்பில்லை என்றது, கவுன்ட்டி எங்களிடம் நிதியில்லை என்றது. மூன்றாவது மனுவுக்குப் பதிலே இல்லை. அதற்குக் கீழே இறந்த தேதி.

புதைத்த இடம் அங்கிருந்து மூன்றரை மைல். பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பை மலையாகக் குவித்து வைத்திருக்கிறார்கள், அதன் பின்னால் ஒரு புல்வெளி. புல்லுக்குள் செங்கல் அளவில் சிமென்ட் கட்டைகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். பெயர் ஒன்றுகூட இல்லை. பதிவேட்டில் தாத்தாவுக்குப் போட்டிருந்த 218ஐக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. ரேஷன் கடையில் டோக்கன் கொடுப்பது போலவா ஒரு மனிதனைப் புதைப்பது? உப்பு மலையைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டேன். லாரியை நிறுத்திய ஒரு டிரைவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டேன். மணி 10.45, ஊரில் இரவு எட்டேகால்.

"ஏல, சுத்தி வளைக்காத. அவன் அங்க இன்னொரு குடும்பம் வச்சிருந்தானா இல்லியா?"

நகலில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். எப்போதும் கொஞ்சம் சேர்த்துச் சொல்பவன் நான். அன்று ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.

அப்பா டிவியை அணைக்கும் சத்தம் கேட்டது.

"ஊருக்கு வரணும்னு கேட்டாராலே?"

"மூணு தடவ கேட்டிருக்காருப்பா."

"தேதியச் சொல்லு, எழுதிக்கிடுதேன். மெதுவாச் சொல்லு."

இப்படித் தேடிப் போகிறவர்களுக்கு: தபாலை நம்பாதீர்கள், நேரில் போங்கள், காலை பத்து மணிக்குள் போனால் கூட்டமில்லை. தாத்தா பெயர் உங்களுக்கும் இருந்தால் வம்சத்தை ஏணியாக எழுதி எடுத்துச் செல்லுங்கள். புல்வெளியில் உண்ணி கடிக்கும், முழுக்கால் சட்டை போடுங்கள். கழிவறை அலுவலகத்தில் மட்டும்தான். 218இல் பெயர்க்கல் வைக்க மனு கொடுத்திருக்கிறேன், ஏதோ குழு கூடி முடிவெடுக்குமாம். கூடட்டும். விசா நவம்பர் வரை இருக்கிறது, வாரம் ஒரு முறை போய் அந்தக் கவுன்ட்டரில் நிற்பேன்.

ஆடி அமாவாசை அன்று தம்பி, அப்பாவைக் கடற்கரைக்கு ஆட்டோவில் கூட்டிப்போயிருக்கிறான். இறந்தவர் பெயரைக் கேட்டிருக்கிறார் ஐயர். தம்பி போனில் சொன்னது இது:

"சத்தம் போடாம மெதுவாச் சொன்னாப் போதும் பெரியவரேன்னு ஐயர் ரெண்டு தடவ சொல்லிட்டாருண்ணே. அப்பா கேக்கவே இல்ல."