பழம்பொரி விரலும் சர்க்கரை மெஷினும்

மட்டாஞ்சேரியில் இஞ்சி கோடவுன்களுக்கு எதிரே எங்கள் சாயாக்கடை. பழம்பொரிக்குச் சர்க்கரை போட்டு மாவு கலக்குவது நான். நேந்திரம்பழத்தை உரித்துக் கீறி எண்ணெயில் போடுவது என் வீட்டுக்காரர்.

அவருக்குச் சர்க்கரை வந்து நாலு வருஷம். போன மழைக்காலத்தில் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: மெஷின் வாங்கி, தினமும் வெறும் வயிற்றில் பார்த்து, இரண்டு வாரம் எழுதிக்கொண்டு வாருங்கள்; குறையவில்லை என்றால் இன்சுலின் ஊசிதான். கொதிக்கிற எண்ணெய் கையில் தெறித்தாலும் இந்த மனுஷன் கவலைப்பட மாட்டார். ஊசி என்றால் முகம் வெளுத்துவிடும்.

விடியற்காலையில் கடையில்தான் சோதனை. பழத்தை உரித்து முடித்ததும் விரலைத் துண்டில் துடைத்து நீட்டுவார், நான் குத்துவேன். முதல் நாள் 312. இரண்டாம் நாள் 340. மூன்றாம் நாள் நான் முடிவுக்கு வந்துவிட்டேன்: திருட்டுத்தனமாகப் பழம்பொரி தின்கிறார்.

முதலில் நயமாகக் கேட்டேன். இல்லவே இல்லை என்றார். பொரித்ததை எண்ணி வைத்தேன். ஒன்றும் குறையவில்லை. அப்படியானால் நான் எண்ணுவதற்கு முன்பே தின்றுவிடுகிறார் என்று கண்டுபிடித்தேன். கோடவுனில் மூட்டை தூக்கிவிட்டுச் சாயா குடிக்க வரும் சுமட்டுக்காரர்களிடமும் அவர் மேல் ஒரு கண் வைக்கச் சொன்னேன். அவர்களும் அக்கறையாக அவர் வாயையே பார்த்துக்கொண்டு குடித்தார்கள். எனக்குச் சந்தேகம் வந்தால் லேசில் போகாது.

பதினோராம் நாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது. "மெஷின் பொய் சொல்லுது. நம்பலைன்னா உன் விரல்ல குத்திப் பாரு."

மாவு கலக்கிக்கொண்டிருந்தவள், வீம்புக்கு அதே துண்டில் கையைத் துடைத்துக் குத்திக்கொண்டேன். 389. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

கடையைப் பூட்டிவிட்டுக் கிளினிக்குக்கு ஓடினோம். என் கையைப் பிடித்த நர்ஸ் முகம் சுளித்தாள்.

"சேச்சி, கை எந்தா இப்படி ஒட்டுது?"

சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிப் பார்த்தாள். எனக்கு 94. அவர் கழுவினார், 128. விரலில் ஒட்டியிருந்த பழத்தையும் மாவையும் சேர்த்தே மெஷின் அளந்திருக்கிறது. கையைக் கழுவிவிட்டுத்தான் குத்த வேண்டும் என்று மெஷினோடு வந்த காகிதத்திலேயே இருக்கிறதாம். அது மலையாளத்தில் இருந்தது. எங்களுக்குத் தமிழ்தான் படிக்க வரும். லேப்பிலும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஊசி வேண்டாம், மாத்திரையே போதும் என்றார் டாக்டர்.

திரும்ப ஆட்டோவில் ஏறினோம். எனக்கு வெட்கமாக இருந்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக மன்னிப்புக் கேட்டேன்.

அவர் வெளியே பார்த்தபடியே சொன்னார்: "ஒன்பது நாளு திருடன்னு பேரு வாங்கியாச்சு. இப்படின்னு தெரிஞ்சிருந்தா நாலு தின்னுருப்பேன்."

கடையைத் திறந்து முதல் பழம்பொரி வெந்து வந்ததும், அதைப் பிய்த்துப் பாதியை நானே அவரிடம் நீட்டினேன். அவர் உடனே வாங்கவில்லை. குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்தார்.