பச்சை வராத பச்சையம்

அந்தோனிமுத்து லிந்துலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் பதினொரு வருடமாகத் தற்காலிக ஆய்வுகூட உதவியாளர். இந்தப் பதினொரு வருடத்தில் நிரந்தர நியமனம் பெற்ற அதிபர்கள் மூன்று பேர் வந்து, இடமாற்றம் வாங்கிப் போய்விட்டார்கள். நான்காவது அதிபர் பெரியதம்பி. தற்காலிகமானவர் மட்டும் அசையவில்லை.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கொழும்பில் ஒரு கல்யாண மண்டபத்தில் எட்டு வருடம் வயர் சுற்றி, திரும்பி வந்தவர் அவர். லெப்டொப்பையும் புரஜெக்டரையும் இணைக்கத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் எல்லா இடத்துக்கும் வேண்டியவர். ஞாயிறு காலை மாதா கோயில் பூசைக்குப் பாட்டு வரிகளைச் சுவரில் காட்டுவார். மாலையில் மாரியம்மன் திருவிழாப் படங்களை சுவரளவு துணியில் காட்டுவார். வயரை முறுக்காமல் எட்டுப் போலச் சுற்றி வைப்பார். வேறு யாராவது முழங்கையில் சுற்றினால் அன்று முழுக்கப் பேசமாட்டார்.

ஒக்டோபரில் அவருக்கு ஒரு வாய்ப்பு வந்தது. வலயக் கல்விப் பணிமனையிலிருந்து இந்திராதேவி மெடம் வந்து வேலையைப் பார்த்துச் சிபாரிசு எழுதினால் நிரந்தரம். எழுதாவிட்டால் இல்லை. நியமனத்துக்கான வயதெல்லைக்கு இன்னும் ஏழு வாரம்தான் இருந்தது. இன்னொரு பார்வையிடல் அதற்குள் வராது என்பது எல்லோருக்கும் தெரியும்.

மெடம் வந்தது, சரஸ்வதி பூசையான வாணி விழா முடிந்த மறு செவ்வாய். அனோஜா டீச்சருக்கு ஒன்பதாம் வகுப்பில் ஒளித்தொகுப்புப் பாடம். அந்தோனிமுத்து வயரின் தலையைச் சொருகி, இரண்டு பக்கத் திருகையும் இறுக்கி, புரஜெக்டரைப் போட்டார். சுவரில் தேயிலை இலை வந்தது, காய்ந்த கத்தரிக்காய் நிறத்தில். இலைக்குப் பின்னால் வெள்ளையாக இருக்கவேண்டிய இடம் முழுக்க ரோஸ்.

"இலையின் பச்சை நிறத்துக்குக் காரணம் பச்சையம்," என்றார் அனோஜா, பாடக் குறிப்பில் அப்படித்தான் இருந்தது.

"டீச்சர், இது தேத்தண்ணிக்குச் சாயம் எறக்குன பெறகுள்ள எலையா?" என்றது பின்வரிசை.

வகுப்பு சிரித்தது. மெடம் சிரிக்கவில்லை. அந்தோனிமுத்து வயரை மாற்றினார். மாற்றிய வயரிலும் அதே கத்தரிக்காய். சிவப்பு வருகிறது, நீலம் வருகிறது, பச்சை மட்டும் வழியில் எங்கோ நின்றுவிட்டது. போன் வெளிச்சத்தை அடித்து, புரஜெக்டரின் பின்னாலுள்ள பதினைந்து துளையையும் பார்த்தார். மேல்வரிசை இரண்டாவது துளையில் சந்தனம், கெட்டியாகக் காய்ந்து.

வாணி விழாவுக்குக் கருவிகளுக்குப் பொட்டு வைக்கச் சொல்லியிருந்தார் அதிபர். இந்து ஆசிரியர்கள் புரஜெக்டர் பெட்டியின் மேல் ஆளுக்கொரு பொட்டு வைத்துவிட்டு அவல் சாப்பிடப் போய்விட்டார்கள். அந்தோனிமுத்துதான் வயரின் தலை, அது சொருகும் இடம் என்று ஒன்றையும் விடாமல் வைத்தவர்.

பெரியதம்பி சேர் நிலைமையைக் காப்பாற்றப் பார்த்தார். "வயர் பழசு மெடம். ரெண்டுமே பழசு. புதுசு கேட்டு எழுதியிருக்கோம்."

நல்ல பொய். யாருக்கும் சேதமில்லை. அந்தோனிமுத்து பேசாமல் நின்றிருந்தால் போதும். ஆனால் வயரின் மேல் வீண்பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை.

"வயர்ல ஒரு பிழையும் இல்ல மெடம். நான் வச்ச சந்தனம், ஓட்டைய அடைச்சிருச்சு."

அதிபர் கண்ணை மூடிக்கொண்டார். மெடம் கோப்பில் அந்தக் கிறிஸ்தவப் பெயரை இன்னொரு தரம் பார்த்தார்.

"நீங்க வேதக்காரர்தானே?"

"ஆமாங்க மெடம்."

"பெறகு ஏன் இவ்வளவு?"

"கொறச்சு வச்சா, வேதக்காரன், அதான் கொறச்சு வச்சான்னு சொல்லுவாங்க மெடம்."

மெடம் கோப்பை மூடினார். "சரி, எடுங்க," என்றார்.

மின்சாரத்தை நிறுத்தி, குண்டூசியால் மெதுவாகச் சுரண்டி, ஆய்வுகூட ஸ்பிரிட்டை ஒரு துளி விட்டு, ஊதி, காய்ந்த பிறகு சொருகினார். எட்டு நிமிடம். இலை பச்சையானது. பின்வரிசை கை தட்டியது. அனோஜா டீச்சர் விட்ட வரியிலிருந்தே தொடர்ந்தார்.

மெடம் எழுதிய அறிக்கையில் மூன்று வரிதான். பிழையைத் தானே கண்டுபிடித்தார், தானே ஒப்புக்கொண்டார், தானே திருத்தினார். சிபாரிசு செய்கிறேன்.

வயதெல்லைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. மனைவி மெரினா அடுப்படியில் நின்றபடியே இரண்டு தரம் வாசித்தார்.

"நிரந்தரம்னு போட்டிருக்கு. மாதாவே!" என்றார். பிறகு கீழே வாசித்தார். "வலப்பனையில ஏதோ பாடசாலைன்னு போட்டிருக்கே. எத்தன பஸ்ஸு மாறணும்?"

"ரெண்டு. நுவரெலியாவுல எறங்கி ஏறணும்."

"அங்க புரஜெக்டர் இருக்கா?"

"போன் போட்டுக் கேட்டேன். இல்லையாம்."

"அப்ப வேல லேசுதான்," என்றார் மெரினா.

அந்தோனிமுத்து கடிதத்தை வாங்கி, மடிப்புக் கலையாமல் உறைக்குள் வைத்தார். அன்று முழுக்கப் பேசவில்லை.