பக்கத்து வேன் வாசலில் ஒரு ஜோடி செருப்பு

லோயர் கேம்ப் என்ற ஊர்ப்பக்கம் ஒரு தென்னந்தோப்பில், வேனிலேயே படுத்துப் பயணம் போகிறவர்களுக்கு வண்டி நிறுத்த இடம் விடுகிறார்கள். தண்ணீர்க் குழாயும் கரண்டும் உண்டு. நான் என் வேனில் தனியாகப் போயிருந்தேன். பக்கத்து வேன்காரரைப் பார்த்தவுடனேயே எனக்குப் பிடிக்கவில்லை.

கட்டையான ஆள். மையடித்த மீசை, நிழலிலும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி. காலையில் எழுந்ததும் வேன் படிக்குக் கீழே ஒரு ஜோடி பெண்கள் செருப்பை எடுத்து வைப்பார்; சாயங்காலம் அதைத் திசை மாற்றி வைப்பார். ஆனால் உள்ளேயிருந்து பெண்குரல் ஒன்றும் கேட்டதில்லை. ஜன்னல் திரை விலகியதும் இல்லை. யாரையாவது அடைத்து வைத்திருக்கிறாரோ? பல் தேய்க்கும்போதுகூட அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் குழாயடியில் கேட்டே விட்டேன். "உள்ள அக்கா இருக்காகளா? வெளிய காணவே காணோமே?"

"அக்காவா? நான் ஒத்தையாளு தம்பி. அது தெரிஞ்சா எவனாச்சும் வண்டிய நோண்டுவான்ல? அதான் சும்மா ஒரு செருப்பு."

"இந்தத் தோப்புக்குள்ள யாரு வந்து நோண்டப் போறா?"

கண்ணாடியைக் கழற்றி என்னை நேராகப் பார்த்தார். "வந்ததுலருந்து என் கதவையே பாத்துக்கிட்டு இருக்கீகளே, நீங்கதான்."

மறுநாள் காலையிலேயே கிளம்பிப் போய்விட்டார். மத்தியானம் அதே இடத்தில் வேறொரு வேன் வந்து நின்றது. இறங்கியவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் வேனை மேலும் கீழும் பார்த்தார்.

நான் மெதுவாக உள்ளே போய், இன்னொரு ஜோடி செருப்பு எங்காவது கிடக்கிறதா என்று தேடினேன்.