எங்கள் தெருவின் வெள்ளைக்கார ராணி

படித்தது ஐந்தாவது. இன்று டெக்சாஸில் மூன்று உணவகங்களுக்கு முதலாளி. "எப்படி அங்கிள் பேசியே ஆள மடக்கிடறீங்க?" என்று இங்கே ஃபிரிஸ்கோ ஊரில் ஐ.டி. பிள்ளைகள் கேட்பார்கள். எட்டு வயதிலேயே ஒரு கூட்டத்தை மடக்கியவனய்யா நான்!

அப்போது ஈரோட்டில் இருந்தோம். என் சித்தப்பா எங்கிருந்தோ ஒரு கைப்புரொஜெக்டரும் அமெரிக்க ஊமைப்படச் சுருள்கள் மூன்றும் வாங்கி வந்தார். மூன்றும் வெவ்வேறு படங்களின் துண்டுகள். மூன்றிலும் வந்த ஒரே முகம், பல் தெரியச் சிரிக்கும் ஒரு பருத்த அம்மாள். ஒன்றில் வேலைக்காரி, ஒன்றில் விடுதிக்காரி, ஒன்றில் கிரீடம் வைத்த ராணி. சித்தப்பாவுக்கு அது போதாதா? வேட்டியைத் திரையாகக் கட்டி, தரை துடைத்தவள் உழைத்து விடுதி வைத்து ராணியான கதையைத் தம் வாயாலேயே சொல்லி ஓட்டுவார். தெருப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

ஒருநாள் சுருள் மாறிவிட்டது. ராணி முதலில் வந்துவிட்டாள். அடுத்த சுருளில் மண்டியிட்டுத் தரை துடைக்கிறாள்.

"ஏனுங் தம்பி, ராணியம்மாளப் போயி தரை தொடைக்க உட்டுப்போட்டீங்களே!" என்று எதிர்வீட்டு அத்தை எழுந்தாள். பின்னாலேயே பாதிக் கூட்டம் எழுந்தது. சித்தப்பா சுருள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படம் ஓடாவிட்டால் சித்தப்பா மறுநாளே தறியில் உட்கார வேண்டும் என்று என் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

நான் பெஞ்சு மேல் ஏறினேன். "மாறுவேசமுங்க! மருமவன் அரமனைக்குள்ள திருடறான். கையும் களவுமாப் புடிக்கத்தான் வேலக்காரியா வந்திருக்குது!"

"அப்புடிச் சொல்றா என்ற ராசா!" என்று அத்தை பொத்தென்று உட்கார்ந்தாள். திரையில் அந்த அம்மாளும் நேரம் பார்த்துக் கண் சிமிட்டினாள். பின்வரிசையில் விசில் பறந்தது. மீதிக் கதையைச் சித்தப்பா என்னையே சொல்ல விட்டார். அவர் தறிக்குத் தப்பினார்.

போன வாரம் பேத்தி டிவியில் ஏதோ பழைய படம் போட, அதே சிரிப்பு! "எங்க ராணி!" என்று கத்திவிட்டேன். அவள் போனில் தேடிப் படித்தாள். பிரான்சிலிருந்து ஹாலிவுட்டுக்குப் பிழைக்க வந்த நடிகையாம். காலமெல்லாம் வேலைக்காரி, விடுதிக்காரி, அபூர்வமாக ஒரு ராணி.

"தாத்தா, ஷி வாஸ் நெவர் த ஹீரோயின்!"

அந்தச் சுருள் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு ஒல்லிப் பெண் ஒருத்தி அழுதபடி குறுக்கே வருவாள். யார் என்று கேட்டால், "ராணியப் பாக்க வந்தவ, உடு" என்பார் சித்தப்பா. படமே அவளுடையது என்று எனக்கு என்ன தெரியும்!