மேசைத்துணியைக் கழற்றிய மாமி

நடந்ததை உடனே எழுதிவிடுகிறேன்.

இன்று ரூஜ் பகுதியிலுள்ள என் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தோம். மாமாவின் மடியில் எங்கள் பத்து மாத மகன். மாமி வழக்கம்போல ஆவி பறக்கத் தேத்தண்ணியை மாமாவின் கையில் கொடுத்தார்.

"மாமா, பிள்ளையை இங்கை தாங்கோ. குடிச்சு முடிச்சிட்டுத் தூக்குங்கோ" என்றேன்.

மாமியின் முகம் மாறியது. "நாங்களும் நாலு பிள்ளை வளர்த்தனாங்கள்தானே. ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை."

மாமா கோப்பையைச் சின்ன மேசையில் வைத்துவிட்டு, மகனைக் கீழே இறக்கினார். அவன் நேரே தவழ்ந்து போய், அந்த மேசையில் தொங்கிய துணியைப் பிடித்து இழுத்தான்.

நான் பாய்ந்து அவனைத் தூக்கிவிட்டேன். அவன் இருந்த இடத்தில் தேத்தண்ணி கொட்டி, கார்ப்பெட்டில் ஆவி எழும்பியது.

மாமி எழும்பி, வீட்டிலிருந்த மேசைத்துணி எல்லாவற்றையும் கழற்றினார். தண்ணி கொதிக்கவைக்கும் கேத்திலின் வயரையும் பிள்ளைக்கு எட்டாமல் சுவரோடு தள்ளி வைத்தார். மாமியா இது என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிறகு மார்க்கம் நகரிலிருந்து சித்தப்பா வந்தார். வாசலிலேயே மாமி கேட்டார்: "தேத்தண்ணி வேணுமோ, பேரன் வேணுமோ? ரெண்டும் ஒண்டாத் தரமாட்டன்."

சித்தப்பா யோசிக்காமல் தேத்தண்ணி என்றார். மகன் அவரோடு இன்னும் கோபம்.

நீங்கள் என்றால் எதைக் கேட்பீர்கள்?