வெளுத்துப் போன விமானக் கண்ணாடி

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசி மாதக் கடைசி. தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மொபைல் சர்வீஸ் கடை. அங்கே ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நடந்தது அவ்வளவுதான். யாரையும் அடிக்கவில்லை, எதையும் திருடவில்லை. ஆனால் இதுவரை நான் செய்ததிலேயே கேவலமான காரியம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

கள்ளக்குறிச்சியில் பல் செட் செய்யும் லேப் வைத்திருக்கிறேன். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், நான் செய்து கொடுப்பேன். இடது கட்டைவிரலில் குறுக்கே ஒரு தழும்பு இருக்கிறது, தொழில் பழகிய காலத்தில் அறுக்கும் பிளேடு கொடுத்த பரிசு. லேப் மாடியில். மேற்கு ஜன்னலைத் திறந்தால் கல்வராயன் மலை தெரியும். பல் வேலை முடிந்ததும் அதே மேஜையில் பிளாஸ்டிக் விமானங்களும் போர்க்கப்பல்களும் ஏறிவிடும். நிஜ விமானத்தை அளவு குறைத்து, துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு விற்பார்களே, அந்த மாடல்கள். பெட்டியில் இருப்பதை அப்படியே ஒட்டினால் யார் வேண்டுமானாலும் செய்யலாம். என்னைப் போன்ற பைத்தியங்கள் அதை வெட்டி, நீட்டி, பெட்டிக்காரன் நினைத்தே பார்க்காத வேறு ரகமாக மாற்றுவோம். கடுகு அளவு ஏணி, முடி அளவு கம்பி என்று இல்லாததையெல்லாம் சேர்ப்போம்.

இந்தப் பக்கத்தில் பதினைந்து வருடமாக இதைச் செய்கிறவன் நான் ஒருவன்தான். அந்த நினைப்பும் எனக்கு ஜாஸ்தி. வீட்டுக்கு வருகிறவர்கள் என் கப்பலைப் பார்த்து “அடேயப்பா” என்று சொன்ன பிறகுதான் காபி வரும் என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். அது பொய்யில்லை.

இப்படி இருந்தவன் ஒருநாள் உடைந்த போனை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். கடை நடத்துவது ஒரு பெண், முப்பது வயது இருக்கும். பக்கத்துக் கிராமத்தில் கிறிஸ்தவக் குடும்பம். பாலிடெக்னிக் படித்துவிட்டுத் தனியாகக் கடை போட்டவள். இடுக்கியால் அரிசியில் பாதி அளவு உள்ள ஒரு பாகத்தை எடுத்து வைத்தாள், கை கொஞ்சமும் நடுங்கவில்லை. எனக்குப் பிடித்துப் போய், என் கப்பல் படங்களைக் காட்டினேன். கண்ணை விரித்துப் பார்த்தாள். அடுத்த முறை போகும்போது ஒரு பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பெரிய மனசு என்று நினைக்காதீர்கள். அது நான் கெடுத்து வைத்திருந்த பெட்டி. மிக்-21 போர் விமானம், கட்டி முடித்தால் ஒரு முழ நீளம் வரும். விமானி உட்காரும் இடத்துக்குப் பின்னால் தப்பாக வெட்டிவிட்டு, இனி ஆகாது என்று பரண்மேல் போட்டிருந்தேன். தூக்கிப் போட வேண்டியதைத் தானம் செய்த கதைதான்.

அவள் அந்தத் தப்பான வெட்டைப் பார்த்தாள். ஏற்கெனவே வெட்டியாயிற்று, இன்னும் கொஞ்சம் வெட்டினால் இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானமாக்கிவிடலாமே என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. அன்றைக்கே எனக்கு முதல் முள் குத்திவிட்டது.

அப்புறம் வாட்ஸப்பில் படம் வர ஆரம்பித்தது. மாடல் செய்கிறவர்கள் இருக்கும் குரூப்பில் அவளைச் சேர்த்துவிட்டதும் நானேதான். விமானிக்கு முன்னால் இருக்கும் மீட்டர் பலகைக்கு நான் வெளிநாட்டிலிருந்து பித்தளைத் தகடு வரவழைப்பேன். அவள் செத்துப் போன போன்களிலிருந்து எடுத்தாள். உள்ளே இருக்கும் பொன்னிற ஒயர்ப் பட்டை பக்கவாட்டுப் பலகையானது. மணல் போன்ற பாகங்கள் சுவிட்சுகளாயின. போன் கேமராவின் லென்ஸ், இறக்கைக்கு அடியில் விளக்கானது. பயிற்சி கொடுக்கும் ஆசிரியர் பின்னால் உட்கார்ந்து முன்னே பார்க்க ஒரு கண்ணாடி இருக்கும், அதையும் அப்படியே செய்தாள். அவள் படத்துக்கு அறுபது பேர் கைதட்டினார்கள். என் கப்பலுக்கு நான்கு பேர். அதில் ஒருத்தி அவள்.

“இன்னாங்க, அந்தப் பொண்ணு போட்டோ போட்டாலே உங்க மூஞ்சி இஞ்சி தின்னாப்ல ஆயிடுது?” என்று மனைவி கேட்டாள். வெளிச்சம் கம்மியாக இருக்கிறது, கண் கூசுகிறது என்று ஏதோ சொன்னேன். உண்மை என்னவென்றால் எனக்கு வயிறு எரிந்தது. நான் குப்பை என்று போட்டதை அவள் தங்கமாக்கிக்கொண்டிருந்தாள். நான் கெடுத்தது என்று அவள் யாரிடமும் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

கார்த்திகை பிறந்ததும் சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாடல் கண்காட்சி. போட்டியும் உண்டு. முந்தின வருடம் எனக்கு இரண்டாம் பரிசு. இந்த முறை முதல் பரிசு என்று முடிவு கட்டி, ஒரு போர்க்கப்பலை முன்பாதி வரை அறுத்து வேறு ரகமாக மாற்றியிருந்தேன். பின்தளத்தில் நிற்கும் ஹெலிகாப்டருக்கு முன் கண்ணாடி ஒட்டுவது ஒன்றுதான் பாக்கி. அவளும் வருவதாகச் சொல்லியிருந்தாள். சார்ஜர் பின் சரியில்லை என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு, அவள் வேலை எவ்வளவில் இருக்கிறது என்று பார்க்கத்தான் அந்தச் சனிக்கிழமை போனேன்.

விமானம் முடிந்திருந்தது. வெயிலில் வெளுத்த வெள்ளி நிறம், எண்ணெய் ஒழுகிய கறை, எல்லாம் அப்படியே. விமானி தலைக்கு மேல் வரும் கண்ணாடி மூடிகள் இரண்டும் மட்டும் பாக்கி. அந்தப் பெட்டியில் ஒற்றை மூடிதான் வரும். பெங்களூரில் குரூப் நண்பர் ஒருவர் உடைந்த பயிற்சி விமான மாடலிலிருந்து இரண்டையும் கழற்றி அனுப்பியிருந்தார். வேறு எங்கேயும் கிடைக்காது. அதில் பின்பக்க மூடியை மெல்லிய துணியால் துடைத்து என் கையில் கொடுத்தாள். நான் விரலால் அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல் இருக்காதா என்று தேடினேன். இல்லை. திருப்பிக் கொடுத்தேன்.

அவள் மேஜையிலிருந்து சின்ன ட்யூப் ஒன்றை எடுத்தாள். ஒரு சொட்டு விட்டால் விரலோடு விரல் ஒட்டிக்கொள்ளுமே, அந்தப் பசை. “அண்ணா, பிளாஸ்டிக் பசை இதுல நிக்க மாட்டேங்குது. இத்த வச்சி ஒட்டிட்டு, மேல டப்பாவ கவுத்துட்டா தூசி ஏறாது. நாளைக்கு ஞாயித்துக்கெழம, கடை லீவு. திங்கக்கெழம வந்து தொறந்தா போதும்” என்றாள்.

இந்த இடத்தை விளக்கிச் சொல்ல வேண்டும். அந்தப் பசை காயும்போது ஒரு ஆவி வரும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் அது படிந்தால் வெள்ளையாகப் பனி பிடித்துவிடும். மழைக்காலத்தில் இன்னும் மோசம். மேலே டப்பா கவிழ்த்தால் ஆவி வெளியே போக வழியே இல்லை. மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசைதான் இதற்குப் போட வேண்டும். இது எனக்குத் தெரியும். பத்து வருடத்துக்கு முன் இதே தப்பைச் செய்து ஒரு விமானத்தைக் கெடுத்தவன் நான்.

வாய் வரை வந்தது. அப்போது அந்த விமானத்தை இன்னொரு முறை பார்த்தேன். “பாத்துப் பண்ணும்மா” என்றேன். கள்ளக்குறிச்சி பஸ் வரும் நேரம் என்று கிளம்பிவிட்டேன்.

‘பாத்துப் பண்ணும்மா.’ இதை எச்சரிக்கை என்று சொல்லலாமா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். சொல்ல முடியாது. சரி, நான் என்ன செய்தேன், அவளாக ஒட்டுகிறாள், அதில் என் கை படவே இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது கொஞ்சம் வசதியாக இருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு தோசை அதிகமாகவே சாப்பிட்டேன். சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

திங்கட்கிழமை காலை லேபைத் திறந்துகொண்டிருக்கும்போது அவளிடமிருந்து போன். எடுக்கவே பயமாக இருந்தது. கண்டுபிடித்துவிட்டாள், திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

“அண்ணா, ஹெலிகாப்டருக்குக் கண்ணாடி ஒட்டிட்டீங்களா?”

“இன்னும் இல்லம்மா. ஏன்?”

“அப்பாடா! அந்த ட்யூப் பசைய மட்டும் போட்டுடாதீங்க ணா. எனக்கு மொத்தமும் வெளுத்துப் போச்சி, பாலு ஊத்துனாப்ல. உங்களுக்கும் அப்புடி ஆயிடப் போவுதுன்னு கடைய முழுசாகூட தொறக்காம மொதல்ல உங்களுக்குத்தான் பண்றேன்.”

அப்படியே சாவியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டேன். கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. எனக்குத் தெரிந்ததை நான் அவளிடம் மறைத்தேன். அதே விஷயம் தனக்குத் தெரிந்த மறுநிமிடம், அவள் எனக்குச் சொல்கிறாள்.

லேபைப் பூட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் தியாகதுருகம் போனேன். தூறிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. மூடிகள் இரண்டையும் பக்குவமாகக் கழற்றி ஒரு தட்டில் வைத்திருந்தாள். சேலத்துக்கு வரப் போவதில்லை என்றாள். “இத வச்சிக்கினு எங்க போறது? நீங்க போய் ஜெயிச்சிட்டு வாங்க ணா” என்று சிரிக்க வேறு செய்தாள்.

பின்பக்க மூடியை எடுத்தேன். முழுக்க வெள்ளை. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் இன்னும் கெட்டியான வெள்ளை, கோடு கோடாக. கைரேகை. விரலில் இருக்கும் பிசுக்கு பட்ட இடத்தில் அந்த ஆவி நன்றாகப் பிடித்துக்கொள்ளும். போலீசில் கைரேகை எடுக்கவும் இதே முறைதான் என்று எங்கேயோ படித்திருக்கிறேன். “என் கை பட்டுடுச்சி போல” என்றாள் அவள். ரேகைக்குக் குறுக்கே மெல்லியதாக ஒரு கோடு வெட்டிக்கொண்டு போனது. என் கட்டைவிரல் தழும்பு எனக்குத் தெரியாதா?

அதற்குமேல் என்னால் முடியவில்லை. “எனக்கு அன்னிக்கே தெரியும்மா, இது வெளுத்துடும்னு” என்றேன்.

அவள் என் கையிலிருந்த மூடியை வாங்கித் தட்டில் வைத்தாள். பிறகு எனக்கு ஒரு வழியையும் அவளே திறந்து விட்டாள். “அதான் பாத்துப் பண்ணுன்னு சொன்னீங்களே ணா. நான்தான் காதுல வாங்கல.”

தலையை ஆட்டியிருந்தால் போதும், தப்பித்திருப்பேன். “இல்லம்மா. அது கெட்டுப் போவட்டும்னுதான் சும்மா இருந்தேன்” என்றேன்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் இயர்போன் கேட்டு வந்தார். அவருக்கு எடுத்துக் காட்டினாள், சில்லறை கொடுத்தாள். நான் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் போனதும், பல் லேபில் கண்ணாடி போன்ற ஷீட்டைச் சூடாக்கி அச்சின் மேல் இழுக்கும் மெஷின் இருக்கிறது, பல்லுக்கு உறை செய்வது அதில்தான், இந்த மூடிகளை வைத்து அச்செடுத்துப் புதிதாகச் செய்து தருகிறேன் என்றேன். அவள் மூடிகளை ஒரு சிம் கார்டு கவரில் போட்டு என் பக்கம் நகர்த்தினாள்.

“எடுத்துக்கினு போங்க. வியாழக்கிழமைக்குள்ள வேணும், சார்.”

சார்.

பல் செட்டுகளை ஓரம் கட்டிவிட்டு அதில் உட்கார்ந்தேன். பிளாஸ்டர் அச்சை வழவழப்பாக்கவே ஒரு நாள் போனது. முதல் ஷீட் சுருங்கியது. இரண்டாவதில் குமிழி. மூன்றாவது நன்றாகவே வந்தது, ஓரத்தில் மட்டும் லேசான நெளிவு. இதைக் கொடுத்தால் போதும், அவளே கண்டுபிடிக்க மாட்டாள், நடுவர் கண்டுபிடித்தாலும் பிடிப்பார் என்று எனக்குள் ஒருவன் சொன்னான். ஆமாம், அவ்வளவு பட்ட பிறகும் அவன் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தான். அதைக் குப்பையில் போட்டுவிட்டு நான்காவதாக ஒன்று செய்தேன். அது தண்ணீர் மாதிரி இருந்தது. புதன்கிழமையே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன், வெள்ளைப் பசை டப்பாவோடு.

சேலத்தில் அவளுக்கு முதல் பரிசு. எனக்குக் கலந்துகொண்டதற்கான காகிதம். யாரோ ஒருவர், இந்த மூடி எங்கே வாங்கினீர்கள், இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று அவளிடம் கேட்டார். கூட்டத்தில் என்னைக் கைகாட்டி, “தோ, அந்த சார்தான் செஞ்சி குடுத்தாரு” என்றாள். அதற்குமேல் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கைதட்டினேன். கைதட்டியதும் நிஜம், அப்போது வயிறு எரிந்ததும் நிஜம்.

இன்றுவரை அவளுக்கு நான் சார்தான். அண்ணா திரும்பி வரவில்லை, கேட்கவும் எனக்கு முகம் இல்லை. இப்போது போர்க்கப்பல் செய்ய ஆரம்பித்திருக்கிறாள். அது என் ஏரியா. போன வாரம் ஒரு படம் அனுப்பி, தளத்தைச் சுற்றி வரும் கைப்பிடிக் கம்பியை எதில் ஒட்டுவது என்று கேட்டாள். படத்தைப் பார்த்ததும் பழைய எரிச்சல் கிளம்பியது. மேஜை டிராயரைத் திறந்தேன். அந்த வெளுத்த மூடி அங்கேதான் இருக்கிறது, அவள் திருப்பிக் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். அப்புறம் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும், நான் கெடுத்துக் கற்றுக்கொண்டதையும் சேர்த்து, ஒன்று விடாமல் அவளுக்கு எழுதி அனுப்பினேன்.

என் கை படவே இல்லை என்று அன்றைக்கு பஸ்ஸில் எனக்கு நானே சொன்ன பொய்யை, குறுக்கே தழும்போடு பதிந்த அந்தக் கட்டைவிரல் ரேகை இன்னொரு முறை சொல்ல விடுவதில்லை.