மாமனார் குடிக்காத தண்ணீர்

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. விடிந்ததும் இரண்டு மாடுகளைக் கறந்து, சமைத்து, நடக்க முடியாத மாமனாரைக் கைத்தாங்கலாகக் கழிவறைக்கு அழைத்துப்போய்விட்டு, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். கணவர் அதற்குள் நிலத்துக்குப் போயிருப்பார். 'இன்றைக்காவது மாமாவிடம் எரிந்து விழக்கூடாது' என்று தினமும் நினைப்பேன். பஸ் வரும் நேரத்தில் அவர் மறுபடி கூப்பிட்டால் அந்த நினைப்பெல்லாம் பறந்துவிடும்.

போன மாதம் ஒருநாள், "எத்தினி தபாதான் மாமா போவீங்க? எனக்கு இன்னா பத்து கையா கீது?" என்று கத்திவிட்டேன். அதன்பின் அவர் அதிகம் கூப்பிடவில்லை. எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டிலில் மயங்கிக் கிடந்தார். உடம்பில் தண்ணீரே இல்லை, சிறுநீரில் கிருமி சேர்ந்துவிட்டது என்றார் டாக்டர். குளுக்கோஸ் ஏறி அவர் கண் விழித்ததும், "ஏன் மாமா தண்ணி குடிக்கல?" என்றேன்.

"குடிச்சா உன்னத்தானம்மா கூப்டணும். நீயே ஓடிக்கினு கீற."

பக்கத்தில் நின்ற கணவரிடம், "காலைல மாமாவ நீங்க பாத்துக்கோங்க. என்னால கோவத்த அடக்க முடியல" என்று அழுதேன். இதை முன்பே கேட்டிருக்கலாம்.

இப்போது காலையில் அவரைக் கவனிப்பது கணவர்தான். ஒரு மாட்டை விற்றுவிட்டோம். பொறுமை கொடு என்று சாமியிடம் வேண்டுவதை விட்டு, வேலையைக் குறைத்துக்கொண்டேன். மாலையில் வந்ததும் நானே அவருக்குத் தண்ணீர் கொடுக்கிறேன். இன்னமும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் டம்ளரை வாங்குகிறார்.

- ஒரு வாசகி, உத்திரமேரூர்